விதி மாறுது, ஃபைல் நகரலை... விசாவுக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு!

பிரம்மதேசத்தில் பிறந்து, திண்டிவனத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 32. மனைவி, ஒரு குழந்தை. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு எழுதியாகிவிட்டது. பட்டப்படிப்பை மதிப்பீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. கனடா, ஆஸ்திரேலியா இரண்டுக்கும் ஆன்லைனில் பதிந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் டீக்கடையில் தொடங்கி கோயில் வாசல்வரை ஒரே கேள்விதான். ``எப்போப்பா கிளம்பறே?''

அவரிடம் பதில் இல்லை. பதில் சொல்லவேண்டிய அலுவலகமும் தேதி சொல்வதில்லை. நடுவில் விதிகள் வேறு மாறிக்கொண்டே இருக்கின்றன.

மரக்காணம் பக்கத்து உப்பளக்காரர்களுக்கு இந்த அவஸ்தையை விளக்கவே வேண்டாம். பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி, வெயிலில் உப்பு பூத்து, நாளைக்கு வாரலாம் என்று நினைக்கும்போது ஒரு மழை பெய்தால் போதும், எல்லாம் கரைந்துவிடும். ஆனால், மழைக்கு முன்பே வாரிக் குவித்து மூடிய உப்பு தப்பிவிடும். விசா விண்ணப்பத்திலும் அப்படித்தான். எது பாத்தியில் கிடக்கிறது, எது குவியலில் ஏறிவிட்டது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் காத்திருப்பவர் செய்யக்கூடிய முதல் வேலை.

ஒரே நாள் அவகாசம்

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. எச்-1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அன்றைய மதிப்பில் சுமார் 88 லட்சம் ரூபாய். 21-ம் தேதியே அமல்! கல்யாணத்துக்கும் விடுமுறைக்கும் இந்தியா வந்திருந்தவர்கள் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு விமான டிக்கெட் தேடினார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊழியர்கள் உடனே திரும்ப வேண்டும் என்று பெரிய நிறுவனங்கள் அவசர மெயில் அனுப்பின.

மறுநாள் வந்தது விளக்கம். `புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்தான். ஒரு தடவை கட்டும் கட்டணம்தான். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் போகலாம், வரலாம்.' பல மடங்கு விலை கொடுத்து டிக்கெட் எடுத்தவர்கள் என்ன செய்வது? அறிவிப்பு வந்த முதல் 24 மணி நேரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் காஸ்ட்லியான முடிவு என்று இனி எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அதே டிசம்பரில் இன்னொன்று. எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளையும் பரிசோதிக்கும் நடைமுறை டிசம்பர் 15 முதல் வந்தது. இந்தியாவில் ஏற்கெனவே தேதி கொடுத்திருந்த பல நேர்காணல்கள் 2026 மார்ச்சுக்கும் அதற்குப் பிறகும் தள்ளிப்போயின. ``அப்படியே தங்கச்சி கல்யாணத்தையும் பார்த்துட்டு, ஸ்டாம்பிங்கையும் முடிச்சுட்டு வந்துடலாம்'' என்று ஒரு பயணத்தில் இரண்டு காரியம் வைத்துக்கொண்டவர்களுக்கு இது பெரிய அடி. சில மாதங்களுக்கு முன்புவரை வேறொரு நாட்டுத் தூதரகத்தில் முயன்று பார்க்கும் வழி இருந்தது. சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று செப்டம்பரில் சொல்லிவிட்டதால் அந்தக் கதவும் ஏறக்குறைய சாத்திவிட்டது.

பூங்கொத்து அனுப்பியவர்களும், கோர்ட்டுக்குப் போனவர்களும்

இதெல்லாம் ஏதோ இப்போதுதான் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2007 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறை, வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுக்கு ஜூலை மாதம் கிட்டத்தட்ட எல்லாப் பிரிவினரும் இறுதிக்கட்ட விண்ணப்பம் போடலாம் என்றது. வருடக்கணக்கில் காத்திருந்த இந்தியர்கள் மருத்துவப் பரிசோதனைக்கு ஓடினார்கள். ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழை கூரியரில் வரவழைத்தார்கள். ஜூலை 2-ம் தேதி காலையில், `எண்கள் தீர்ந்துவிட்டன, விண்ணப்பம் வாங்க மாட்டோம்' என்று அறிவிப்பு மாறியது.

கோபப்பட்டிருக்க வேண்டியவர்கள் பூ அனுப்பினார்கள்! `லகே ரஹோ முன்னாபாய்' படம் வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். அதில் வரும் `காந்திகிரி' பாணியில், குடியேற்றத் துறை இயக்குநர் எமிலியோ கொன்சாலஸுக்கு ஜூலை 10-ம் தேதி நூற்றுக்கணக்கான பூங்கொத்துகள் போய்ச் சேர்ந்தன. அவர் அவற்றை வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார். ஜூலை 17-ம் தேதி அரசு பின்வாங்கியது. ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பம் வாங்கப்பட்டது. பூ மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, வழக்கும் அரசியல் அழுத்தமும் இருந்தன. ஆனாலும் பூக்கடை பில்லுக்குக் கிடைத்த விளம்பரம் வேறெதற்கும் கிடைக்கவில்லை.

பிரிட்டன் கதை கோர்ட்டில் நடந்தது. வேலை கையில் இல்லாமலே படிப்பு, சம்பளம், அனுபவத்தை வைத்து வரலாம் என்று 2002-ல் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. நம்பிப் போனவர்கள் இங்கே வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். 2006 நவம்பரில் விசா நீட்டிப்பு விதிகளைக் கடுமையாக்கி, ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களுக்கும் பொருந்தும் என்றார்கள். அமித் கபாடியா முன்னின்ற எச்.எஸ்.எம்.பி. ஃபோரம் வழக்குப் போட்டது. 2008 ஏப்ரல் 8-ம் தேதி லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி சர் ஜார்ஜ் நியூமன், உள்ளே வந்துவிட்டவர்கள் மீது புது விதியைத் திணித்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். நிரந்தரக் குடியுரிமைக்கான காலத்தை 4 வருடத்திலிருந்து 5 ஆக்கியதையும் எதிர்த்து, 2009-ல் இரண்டாவது வழக்கிலும் அவர்களே ஜெயித்தார்கள். 2025 மே மாதம் அந்த 5 வருடத்தை 10 ஆக்கும் திட்டத்தை பிரிட்டன் முன்வைத்தபோது, பழைய ஆட்களுக்கு இந்தத் தீர்ப்புகள் ஞாபகம் வந்திருக்கும்.

சரி, கோர்ட்டுக்குப் போனால் ஜெயித்துவிடலாமா? இல்லை. கனடாவைப் பாருங்கள். 2008 பிப்ரவரி 27-க்கு முன் விண்ணப்பித்து, 2012 மார்ச் 29 வரை முடிவு வராத திறன்பணியாளர் விண்ணப்பங்களை எல்லாம் ஒரே சட்டத்தில் ரத்து செய்தார்கள். குடும்பத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 2,80,000 பேர். கட்டிய பணம் திரும்பி வந்தது. போன வருடங்கள் வரவில்லை. எதிர்த்துப் போட்ட வழக்கு 2013-ல் தள்ளுபடியானது, மேல்முறையீட்டிலும் தோல்வி. ஆஸ்திரேலியாவும் 2010 பிப்ரவரியில், 2007 செப்டம்பருக்கு முன்பு வெளிநாட்டிலிருந்து போடப்பட்ட சுமார் 20,000 விண்ணப்பங்களைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துவைத்தது.

இரண்டுக்கும் வித்தியாசம் புரிகிறதா? பிரிட்டனில் ஜெயித்தவர்கள் விசா வாங்கி உள்ளே போய்விட்டவர்கள். கனடாவில் தோற்றவர்கள் வரிசையில் நின்றவர்கள். விசா கையில் வரும்வரை விண்ணப்பம் ஒரு வேண்டுகோள் மட்டும்தான். அதை நம்பி விற்கக்கூடாததை விற்கக்கூடாது.

ஓடும் கடிகாரம், நின்ற கடிகாரம்

நம் பிரம்மதேசத்துக்காரர் அடுத்த பிறந்தநாளுக்கு கேக் வெட்டும்போது அவருடைய ஆஸ்திரேலிய மதிப்பெண்ணில் 5 குறையும். 25 முதல் 32 வயதுவரை 30 மதிப்பெண், 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15. 45 ஆகிவிட்டால் வழி இல்லை. ஆனால், அழைப்பு வந்த தேதியில் என்ன வயதோ, அதுதான் கணக்கு. அழைப்பு வந்துவிட்டால் அந்தக் கடிகாரம் நின்றுவிடும். அழைப்பு வராதவரை ஓடிக்கொண்டே இருக்கும். கனடாவில் 30 வயதிலிருந்தே ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

ஆங்கிலத் தேர்வு முடிவு கனடாவுக்கு 2 வருடம் செல்லும், ஆஸ்திரேலியாவுக்கு 3 வருடம். கனடாவுக்கான படிப்பு மதிப்பீடு 5 வருடம். மருத்துவப் பரிசோதனை பொதுவாக 12 மாதம். போலீஸ் சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு. இவை எல்லாம் வேறு வேறு நாளில் காலாவதியாகும். ஒரு தாளில் எல்லாத் தேதிகளையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். பால் கணக்கு எழுதும் இடம்தான் இதற்கும் சரி. போலீஸ் சான்றிதழையும் மருத்துவப் பரிசோதனையையும் அவசரப்பட்டு முதலிலேயே எடுத்துவிட வேண்டாம். அழைப்பு வரும் முன்பே அவை செத்துப்போனால் இரண்டாவது செலவு.

அமெரிக்கக் கணக்கு தனி. வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. 2025 முடியும்போது இந்தியர்களின் இரண்டாம் பிரிவில் 2013-ல் இடம் பிடித்தவர்களின் முறைதான் நடந்துகொண்டிருந்தது. நல்ல விஷயம், வரிசையில் உங்கள் தேதி பெரும்பாலும் உங்களுடையது. நிறுவனத்தின் மனு ஏற்கப்பட்டுவிட்டால், வேலை மாறினாலும் தேதி பொதுவாகக் கூடவே வரும். கெட்ட விஷயம், குழந்தையின் வயது. 21 முடிந்தால் பெற்றோரின் வரிசையிலிருந்து பிள்ளை விழுந்துவிடலாம். அந்த வயதைக் கணக்கிடும் முறையையும் 2025 ஆகஸ்ட் 15 முதல் இறுக்கிவிட்டார்கள். கைக்குழந்தையாகப் போனவர்களுக்கு காலேஜ் வயதில் தனியாக விசா தேடும் நிலை. கனடாவில் முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்த அன்று பிள்ளைக்கு 22 வயது ஆகாமல் இருந்தால் போதும், அந்த வயது பூட்டப்பட்டுவிடும்.

மனைவியின் மதிப்பெண்

விசா பேச்சு தொடங்கியதுமே பல வீடுகளில் முதலில் வேலையை விடுவது மனைவிதான். ``எப்படியும் போகப்போறோம், எதுக்கு ரெண்டு பேரும் ஓடணும்?'' என்பார்கள். இதைவிடத் தப்பான கணக்கு இருக்க முடியாது. ஆஸ்திரேலியாவில், வயது, ஆங்கிலம், தொழில் மதிப்பீடு மூன்றும் சரியாக இருக்கும் துணைவர் 10 மதிப்பெண் கொண்டுவருவார். ஆங்கிலம் மட்டும் இருந்தாலே 5. பிறந்தநாளில் போன அதே 5! கனடாவிலும் துணைவரின் படிப்புக்கும் ஆங்கிலத்துக்கும் மதிப்பெண் உண்டு. மனைவி நர்ஸாகவோ ஆசிரியராகவோ இருந்தால் அவரையே முதன்மை விண்ணப்பதாரராகப் போட்டுப் பார்க்கலாம். கனடா 2023 முதல் குறிப்பிட்ட துறைகளுக்குத் தனியாகவே அழைப்பு விடுகிறது. 2025 மார்ச் 25 முதல் வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு இருந்த 50, 200 மதிப்பெண்களை எடுத்துவிட்டது. அந்தக் கடிதத்துக்காக யாரிடமாவது லட்சக்கணக்கில் பணம் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

பணம் என்றதும் ஒரு வார்த்தை. `உறுதியாக விசா' என்று யார் சொன்னாலும் நகர்ந்துவிடுங்கள். அந்த உறுதியை அந்த நாட்டு அமைச்சரே கொடுக்க முடியாது. கனடாவுக்கு ஆலோசகர் வைத்தால், அவர் அந்நாட்டு ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவரா என்று இணையத்திலேயே பார்க்கலாம். வெளிநாட்டு வேலை தேடுபவர்களுக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

வேலையை ராஜினாமா செய்வது, நிலத்தை விற்பது, பிள்ளையின் பள்ளி டி.சி. வாங்குவது மூன்றும் விசா பதிந்த பிறகு. அதுவரை பிள்ளையை அடுத்த வகுப்பில் சேருங்கள், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். டீக்கடைக் கேள்விக்கு, ``வந்தா சொல்றேன் மாமா'' போதும்.

ஊரில் முடிக்கவேண்டிய வேலை

காத்திருக்கும் காலத்தில் உருப்படியாகச் செய்யக்கூடியது ஆவணம் திருத்துவது. நம் இனிஷியல் வெளிநாட்டுப் படிவங்களுக்குப் புரியாது. பள்ளிச் சான்றிதழில் `கே', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் வேறு எழுத்து என்றிருந்தால் விளக்கம் கேட்டே மாதங்கள் போகும். போலீஸ் சான்றிதழுக்கு ஊர் முகவரி கொடுத்தால் பிரம்மதேசம் காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வருவார்கள், வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். கிராமத்தில் பிறந்த பலருக்கு அதில் பெயர் இருக்காது, `ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். சிலருக்குப் பதிவே இருக்காது. பதிவு இல்லை என்று ஒரு சான்றிதழ் வாங்கி, கூடவே பிறந்ததை நேரில் அறிந்த பெரியவர்களின் உறுதிமொழிப் பத்திரம் வைத்தால் அமெரிக்கா ஏற்கிறது. அந்தப் பெரியவர்கள் பெரும்பாலும் அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா. அவர்களுக்கும் வயது ஏறுகிறது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது முத்திரைத்தாளையும் வாங்கிக்கொண்டு போய், திண்டிவனத்தில் ஒரு நோட்டரி முன்னால் அவர்களை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.