நீர்மின் சட்டமும் வாடகைக் கடையும்

சென்ற மாதம் மலைநாட்டிலிருந்து ஓர் இளம் வர்த்தகர் தொலைபேசியில் பேசினார். "ஹாஜியார், நல்ல சந்தியில ஒரு கடை வாடகைக்கு வந்திருக்கு. ஆனா கீழ ஆத்துப் பக்கம் சேவயர்மார் வந்து கல் நட்டுட்டுப் போயிருக்காங்க. கரண்ட் எடுக்கிற திட்டமாம். எடுக்கலாமா, விடலாமா?" என்று கேட்டார்.

"எழுத்தில் என்ன தருகிறார்?" என்றேன்.

"முத்திரை ஒட்டி ரெண்டு வருஷத்துக்கு எழுதித் தாறதாச் சொல்றாரு."

அதைக் கேட்டதும் எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. அந்தத் தம்பியிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் வாடகைக் கடைக்காரர்கள்தானே.

ஆற்றை மறித்து மின்சாரம் எடுக்கும் யோசனைக்கு நம் நாட்டில் நூறு வயது தாண்டிவிட்டது. பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே அதைக் கணக்குப் போட்டு எழுதிக் காட்டினார். 1931இல் அரசாங்க சபைக்குப் போய் அங்கும் அதையே பேசினார். 1920களில் தொடங்கிய லக்ஷபான வேலை இடையில் நின்றுபோய், 1950இல்தான் மின்சாரம் தந்தது. அணை கட்டப் பணம் மட்டும் போதாது. காணி எடுக்க வேண்டும், ஆற்றைத் திருப்ப வேண்டும், ஊரைக் கிளப்ப வேண்டும். அந்த அதிகாரத்தைச் சட்டம்தான் கொடுக்க முடியும்.

1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையை உண்டாக்கியது. அதற்குப் பத்து வருடம் கழித்து வந்த 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க மகாவலி அதிகார சபைச் சட்டம் இன்னும் பெரியது. ஒரு பிரதேசத்தை வர்த்தமானியில் 'விசேட பிரதேசம்' என்று பிரகடனம் செய்து, அங்கே நீர்த்தேக்கம், கால்வாய், மின் நிலையம் எல்லாவற்றையும் அமைக்கும் வேலையை ஒரே சபையின் கையில் கொடுத்தது. முப்பது வருடத்துக்கென்று போட்ட திட்டத்தை ஆறு வருடத்துக்குள் சுருக்கிய காலம் அது. 1985இல் விக்டோரியா 210 மெகாவோட், அதே ஆண்டில் கொத்மலை 201 மெகாவோட், 1986இல் ரந்தெனிகல 122 மெகாவோட். இவ்வளவும் அரசாங்கத்தின் சொத்து.

இதனால் நாம் பெற்ற நன்மையை மறுக்க முடியாது. மழை பொய்த்தால் என்ன நடக்கும் என்பதை 1996இலும் 2001, 2002இலும் மின்வெட்டில் உட்கார்ந்து படித்தோம். 2022 மார்ச் கடைசியில் எரிபொருளும் இல்லை, நீரும் குறைவு என்று 13 மணித்தியாலம் இருட்டில் கிடந்தபோது, ஐஸ் பெட்டியில் கெட்டுப்போன சாமானின் பெறுமதியை எந்தச் சட்டமும் நமக்குத் தரவில்லை.

2009ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 25 மெகாவோட்டுக்கு மேற்பட்ட மின் உற்பத்தியில் தனியார் கம்பனிகளைத் தனியே இறங்க விடவில்லை. 2022 ஜூனில் அந்தத் தடை நீக்கப்பட்டது. பின்னர் 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025இல் வந்த அதன் திருத்தமும் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தன. பெரிய அணைகள் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தத் தண்ணீரில் கமக்காரனுக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் அணை யாருடையதாக இருந்தாலும், அது வரும் இடத்தில் கடை வைத்திருப்பவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

1980களில் எங்கள் கடைத்தெரு நீருக்குள் போனது. ஊரின் பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வாப்பா பத்தொன்பது வருடம் ஒரே கட்டடத்தில் பலசரக்குக் கடை நடத்தியவர். மாத வாடகை, வாய்ப் பேச்சு. கட்டடக்காரர் சிங்களவர், வாப்பாவின் கூட்டாளி. காணி விசாரணைக்கு வாப்பா போனபோது நானும் கூடப் போனேன், பாடசாலைப் பையன். உறுதி இருக்கிறதா, குத்தகைப் பத்திரம் இருக்கிறதா, கணக்குப் புத்தகம் இருக்கிறதா என்று உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கேட்டார். வாப்பா கையில் இருந்தது கடன் கொப்பி மட்டும். அவர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கட்டடத்துக்கு நஷ்டஈடு கிடைத்தது. கடைக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கொப்பியில் இருந்தவர்களோ மகாவலி 'சி' வலயத்துக்கும் வேறு எங்கெங்கோவும் லொறி ஏறிப் போய்விட்டார்கள். இரண்டு வருடம் கழித்து ஒருவர் பஸ் ஏறி வந்து தன் பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனதை வாப்பா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். கட்டடக்காரர் கடையின் பலகைக் கதவுகளைக் கழற்றி வாப்பாவுக்குக் கொடுத்தார். அவை இன்றும் என் களஞ்சிய அறையில் நிற்கின்றன.

உத்தியோகத்தர் செய்தது சட்டப்படி சரிதான் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் விளங்கியது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம், 'அக்கறையுள்ள ஆள்' யார் என்று சொல்கிறது. காணிக்காரர், பங்குக்காரர், ஈட்டுக்காரர், குத்தகைக்காரர் எல்லோரும் அதில் வருகிறார்கள். மாத வாடகைக்காரர் வரமாட்டார் என்று அந்த வரைவிலக்கணத்திலேயே எழுதியிருக்கிறது.

"எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம் இருக்கிறதே" என்பீர்கள். நொத்தாரிசு முன்னிலையில் எழுதியதா? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு உறுதியாக இருந்தால்தான் செல்லும். முத்திரை ஒட்டி இரண்டு சாட்சி வைத்து நாமே எழுதிய தாளை வைத்துக்கொண்டு குத்தகைக்காரர் என்று உரிமை கேட்க முடியாது. பிறகு நாம் மாத வாடகைக்காரர்தான்.

குத்தகை சரியாக இருந்தாலும் கணக்கு வேண்டும். வியாபார வருமான இழப்பைக் கேட்டால், முந்திய மூன்று வருடங்களின் சராசரித் தேறிய இலாபத்தைக் கணக்குப் புத்தகத்தில் காட்டச் சொல்வார்கள். வரிக்குப் பயந்து குறைத்து எழுதினவர்கள் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

7ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்டதும் அதில் சொல்லியுள்ள திகதிக்குள் உரிமை கோர வேண்டும். அவசரம் என்றால் 38ஆம் பிரிவின் கீழ், நஷ்டஈட்டுப் பேச்சு முடிவதற்கு முன்பே காணியைப் பொறுப்பேற்கலாம். தொகை போதாது என்றால் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்ய இருப்பது 21 நாள். 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மீள்குடியேற்றக் கொள்கை உறுதி இல்லாதவர்களையும் கவனிக்கச் சொல்கிறது. நல்ல கொள்கைதான். ஆனால் சட்டத்துக்குள்ள பலம் அதற்கு இல்லை.

காணி எடுபடாத இடத்திலும் சேதம் வரலாம். 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட 120 மெகாவோட் உமா ஓயா திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 கடைசியில் நீர் பாய்ந்தபோது, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. அவர்களிடம் யாரும் காணி கேட்கவில்லை.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: கடையை எடுங்கள், ஆனால் நொத்தாரிசிடம் போய்க் குத்தகை உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்து எடுங்கள். முற்பணத்தை வங்கி மூலம் கொடுங்கள். வியாபாரப் பெயரைப் பதியுங்கள், முதல் நாளிலிருந்தே கணக்கு எழுதுங்கள். சேவயர் நட்ட கல் எந்தத் திட்டத்துக்கு என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

முந்தாநாள் மறுபடி பேசினார். கடைச் சொந்தக்காரர் நொத்தாரிசு என்றதும் யோசிக்கிறாராம். "நோன்பு முடியட்டும், பாப்பம்" என்று சொல்லியிருக்கிறாராம். கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.