மின்னலையின் உச்சி ஏன் தட்டையாகிறது?

உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில் ஆடலோட்டத்தை அழகான சைன் வளையியாகவே வரைந்து பழகிவிட்டோம். செக்கனுக்கு 50 தடவை ஏறி இறங்கும் அலை அது. ஆனால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நெருக்கமான ஒரு தொடர்மாடிக்கு வரும் மின்சாரத்தை அலைவுகாட்டியில் பார்த்தால், வளையியின் உச்சி சற்றுத் தட்டையாகத் தெரியக்கூடும். அதைத் தேய்ப்பது நமது வீட்டுச் சாமான்களே.

பழைய இழைக் குமிழும் அயன் பெட்டியும் வோல்ற்றளவு எவ்வளவோ அதற்கேற்ற ஓட்டத்தையே எடுக்கும். எல்.ஈ.டி. குமிழ், தொலைபேசிச் சார்ஜர், கணினி ஆகியன வேறு ரகம். அவற்றுக்கு உள்ளே தேவைப்படுவது நேரோட்டம். அதனால் சீராக்கியை அடுத்துள்ள கொள்ளளவி, அலை உச்சியை எட்டும் கணத்தில் மாத்திரம் ஒரே மிடறாக ஓட்டத்தை இழுத்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கும்.

நோன்பு துறந்ததும் பள்ளிவாசலில் எல்லோரும் ஒன்றாக வுழூச் செய்யக் குழாய்களைத் திறந்தால் தண்ணீர் நூலாகிவிடும் அல்லவா? வீதியோர நிலைமாற்றிக்கும் அதிலிருந்து வரும் கம்பிக்கும் தடங்கல் உண்டு. எல்லா வீடுகளும் ஒரே உச்சியில் இழுக்கும்போது அங்கே வோல்ற்றளவு விழுகிறது. என் வீட்டுச் சார்ஜர் கெடுத்த அலையே அயல்வீட்டுக்கும் போகிறது.

எத்தகைய மீள்அலையையும் சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்ற கருத்தை ஃபூரியர் 1822 இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். அப்படிப் பிரித்தால் இந்த அலையில் 50 உடன் 150, 250, 350 ஹேர்ட்ஸ்களும் கிடைக்கும். ஈர்த்த இழையில் நாம் படித்த இசையங்கள்தான் இவையும்.

இவற்றில் எனக்குப் பயம் தருவது 150. தொடர்மாடிகளுக்கும் பெரிய கடைகளுக்கும் மூன்று கட்டங்களில் மின் வருகிறது. சுமை சமமாக இருந்தால் 50 ஹேர்ட்ஸ் ஓட்டங்கள் நொதுமல் கம்பியில் ஒன்றையொன்று நீக்கிவிடும். 150 ஹேர்ட்ஸ் ஓட்டங்களோ மூன்றும் ஒரே கம்பியில் சேர்ந்துகொள்ளும். கட்டக் கம்பியை விட நொதுமல் கம்பி கூடுதலாகச் சுமக்கும் நிலைகூட வரலாம். நீங்கிவிடும் என்று நம்பி அதை மெல்லியதாகப் போட்ட பழைய கட்டடங்களும் உண்டு. பிரேக்கர்கள் பெரும்பாலும் கட்டக் கம்பியின் ஓட்டத்தையே கவனிப்பதால், நொதுமல் சூடேறுவது எவருக்கும் தெரியாது. அது கருகி அறுந்தால், 230 வோல்ற்று வரவேண்டிய சில வீடுகளுக்கு 400 ஐ நெருங்கி வரலாம். குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் ஒரே நொடியில் போய்விடும்.

இதற்காக எவரும் இழைக் குமிழுக்குத் திரும்ப வேண்டியதில்லை. அது வீண்செலவு. உங்கள் தொடர்மாடிக் குழு வயரிங் பற்றிக் கூடும்போது நொதுமல் கம்பியின் தடிப்பை விசாரியுங்கள். அதன் ஓட்டத்தை அளப்பதாயின், எல்லா வீட்டிலும் விளக்கெரியும் இரவு எட்டு மணியளவில் அளக்கச் சொல்லுங்கள். பகலில் அளந்தால் சரியான கணக்கு வராது.