சர்ச் கல்யாணத்துல கேமராவை எப்போ கீழே இறக்கணும்? நம்பிக்கையோட கைகோக்கும் வெட்டிங் போட்டோகிராஃபி!

ஒரு கத்தோலிக்க வீட்டுல பொண்ணு, "எனக்கு தேவ அழைத்தல் இருக்குன்னு தோணுது"ன்னு சொன்னா, "எந்த கான்வென்ட்டும்மா?"ன்னுதான் பாட்டி முதல்ல கேட்பாங்க. அதே பொண்ணு, "கல்யாண போட்டோ எடுக்குறதுதான் என் அழைத்தல்"னு சொன்னா? வீடே ஒரு நிமிஷம் அமைதியாகிடும். அப்புறம், "ராத்திரி பத்து மணிக்கு மண்டபத்துல இருந்து எப்படி வருவே?", "ஞாயித்துக்கிழமை பூசைக்கு எப்போ போவே?"ன்னு கேள்விகள் வரிசை கட்டும்.

ஆனா, அந்தப் பொண்ணு சொல்றதுல தப்பே இல்லை. துறவறம் மட்டும்தான் அழைத்தல்னு திருச்சபை சொல்லலை. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், குடும்பத்துலயும் வேலையிலயும் இருக்குற பொதுநிலையினருக்கும் புனித வாழ்வுக்கான அழைப்பு உண்டுன்னு தெளிவா சொல்லிடுச்சு. அப்போ கேமராவும் அதுக்கு ஒரு வழியா இருக்கலாம்.

சரி, நம்பிக்கை ஒரு போட்டோகிராஃபருக்கு நிஜமா என்ன செய்யும்? இன்ஸ்டா பயோவுல சிலுவை இமோஜி வைக்குறதோட முடிஞ்சுடுமா? இல்லை. எங்கே நிக்கணும், எந்த நொடியை விடவே கூடாது, எப்போ எடுக்கவே கூடாதுன்னு அது சொல்லிக் கொடுக்கும். இந்தத் தொழிலுக்கு வர நினைக்குற கத்தோலிக்கப் பொண்ணுங்களுக்கும், சர்ச் கல்யாணத்துக்கு போட்டோகிராஃபர் தேடுறவங்களுக்கும் சேர்த்தே பேசலாம், வாங்க.

எல்லாரும் தாலிக்குக் காத்திருப்பாங்க... நீங்க?

தமிழ்நாட்டுல பெரும்பாலான கத்தோலிக்கக் கல்யாணங்கள்ல தாலி உண்டு. சிலுவையோ புறாவோ பொறிச்ச தாலியை ஃபாதர் மந்திரிச்சுக் கொடுப்பார், மாப்பிள்ளை கட்டுவார். மாலை, மோதிரம் எல்லாம் இருக்கும். அதனால, 'முக்கியமான ஷாட் தாலிதான்'னு நிறைய போட்டோகிராஃபர்கள் முடிவு பண்ணிடுறாங்க.

ஆனா, 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு என்ன சொல்லுது தெரியுமா? திருமணத்தை உண்டாக்குறது மணமக்களோட சம்மதம். வலது கைகளைப் பிடிச்சுக்கிட்டு, 'உன்னை என் மனைவியா ஏத்துக்கறேன்', 'உங்களை என் கணவரா ஏத்துக்கறேன்'னு ரெண்டு பேரும் வாயால சொல்றாங்களே... அந்த வார்த்தைகள்தான் கல்யாணம். அந்த அருளடையாளத்தை ஒருத்தருக்கு ஒருத்தர் வழங்குறது மணமக்களேதான். ஃபாதர் திருச்சபையின் பேரால சம்மதத்தைக் கேட்டு ஏத்துக்குற சாட்சி. அவரோட இன்னும் ரெண்டு சாட்சிகள் கட்டாயம்.

அந்த வார்த்தைகளைச் சொல்லி முடிக்க சில விநாடிகள்தான் ஆகும். தாலிக்காக லென்ஸ் மாத்திட்டு இருந்தா, கல்யாணமே உங்க கண்ணு முன்னாடி முடிஞ்சு போயிருக்கும்!

தாலி கட்டுற சீனை, "இன்னொரு தடவை இப்படித் திரும்புங்க மாப்ளே"ன்னு நிறுத்தி எடுக்குற ஆளுங்க உண்டு. சம்மதத்தை அப்படித் திரும்ப நடிக்க வைக்க முடியாது, நடிக்க வைக்கவும் கூடாது. அதனால வாசகம் முடிஞ்சு மறையுரை தொடங்கும்போதே, மணமக்கள் ரெண்டு பேர் முகமும் தெரியுற மாதிரி பீடத்துக்குப் பக்கவாட்டுல ஒரு இடத்தைப் பிடிச்சுடுங்க. ஃபாதருக்கும் மணமக்களுக்கும் நடுவுல மட்டும் போகவே போகாதீங்க. மைக்கைப் பிடிக்கும்போது நடுங்குற கை, வார்த்தை தடுமாறும்போது வர்ற சிரிப்பு, முதல் வரிசையில கண்ணைத் துடைக்குற அம்மா... இவங்க எல்லாரும் ஆல்பத்துல இருக்கணும்.

ஓலை வாசிக்கும்போதே வேலையை ஆரம்பிங்க

கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை பங்குல ஓலை வாசிப்பாங்க. அந்த இடைவெளிதான் உங்களுக்கான ஹோம்வொர்க் நேரம். விதிமுறைகள் பங்குக்குப் பங்கு மாறும். அதனால பங்குத்தந்தையை நேர்ல பார்த்து இதையெல்லாம் கேட்டுடுங்க:

* பீடத்தின் படிகள்ல ஏறலாமா, எந்த இடம் வரைக்கும் வரலாம்?

* ஃபிளாஷ் போடலாமா? வீடியோ லைட்டுக்கு அனுமதி உண்டா?

* மேல்தளத்துல, அதாவது பாடகர் குழு நிக்குற இடத்துல இருந்து எடுக்கலாமா?

* திருப்பலியோட சேர்ந்த கல்யாணமா, இல்லை வாசகமும் திருமணச் சடங்கும் மட்டுமா?

* பதிவேட்டுல கையெழுத்து போடுறது எங்கே, எப்போ?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பொதுவா திருப்பலி முடிஞ்சதும் எல்லாரும் குரூப் போட்டோவுக்கு நிக்கப் போயிடுவாங்க. மணமக்களும் சாட்சிகளும் பதிவேட்டுல கையெழுத்துப் போடுற படம் விட்டுப்போகும். அப்புறம், மாதா பீடத்துல பூ வெச்சு ஜெபிக்குறது... பல ஊர்கள்ல இது உண்டு. கூட்டம் கலைஞ்ச பிறகு நடக்குறதால, வழக்கம் தெரிஞ்சவங்கதான் காத்திருந்து எடுப்பாங்க.

கேமரா ஓய்வெடுக்குற நேரம்

1967-ல் வத்திக்கான் வெளியிட்ட நற்கருணை வழிபாடு பற்றிய அறிவுறுத்தல்லயே போட்டோ பத்திப் பேசியிருக்காங்க. படம் எடுக்குறதால திருப்பலிக்கு இடையூறு வரக் கூடாது, நியாயமான காரணம் இருந்தா மிகுந்த அடக்கத்தோட எடுக்கணும், மறைமாவட்ட விதிகளை மதிக்கணும்னு அதுல இருக்கு. ஸ்மார்ட்போன் காலத்துலயும் அதே கவலைதான். 2017 நவம்பர்ல போப் பிரான்சிஸ், திருப்பலியில போனைத் தூக்கிப் படம் எடுக்குறதைப் பார்த்து வருத்தமா இருக்குன்னு வெளிப்படையாவே சொன்னார். பாமர மக்கள் மட்டுமில்ல, சில குருக்களும் ஆயர்களும்கூட இப்படிச் செய்யுறாங்கன்னும் குறிப்பிட்டார்.

அப்போ எடுக்கவே கூடாதா? எடுக்கலாம், இடம் பார்த்து. ஃபாதர் அனுமதிச்சிருந்தா வருகைப் பவனி, சம்மதம், தாலி, காணிக்கைப் பவனி, கர்த்தர் கற்பித்த ஜெபத்துக்குப் பிறகு முழங்கால்ல நிக்குற மணமக்கள் மேல ஃபாதர் கையை விரிச்சு வழங்குற ஆசி... இதெல்லாம் எடுக்க வேண்டியவை. வாசகம் படிக்கும்போதும் மறையுரையின்போதும் நடமாட்டம் கூடாது.

எழுந்தேற்ற நேரம்? அப்பம் உயர்த்தப்படும்போது கோயில் முழுக்க முழங்கால்ல நிக்கும். அந்த அமைதியில ஷட்டர் சத்தம் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கும். தூரத்துல இருந்து சத்தமில்லாம ஒண்ணு, ரெண்டு படம்னு அனுமதிக்குற பங்குகள் உண்டு. ஆனா, நம்பிக்கை இருக்குற பொண்ணுக்கு அங்கே யாரும் விதி சொல்ல வேண்டியதில்லை. கேமரா தானா இறங்கிடும். நற்கருணை வாங்குறவங்க முகத்துக்கு க்ளோஸ்-அப் வைக்காததும் அப்படித்தான்.

இதை நஷ்டம்னு நினைக்காதீங்க. கோயிலுக்குள்ள எப்படி நடந்துக்கணும்னு தெரிஞ்சவங்களைத்தான் ஃபாதரும் குடும்பங்களும் அடுத்த கல்யாணத்துக்கும் நம்பிக் கூப்பிடுவாங்க.

இருட்டு, டியூப் லைட், வெள்ளை கவுன்

பக்தி இருந்தா மட்டும் படம் வந்துடுமா? வராது! சர்ச் ஒரு கஷ்டமான லொகேஷன். ஒரு பக்கம் வண்ணக் கண்ணாடி வழியா வெயில், இன்னொரு பக்கம் டியூப் லைட், பீடத்துல மஞ்சள் பல்பு.

* லென்ஸ்: எஃப் 1.8 மாதிரி வெளிச்சம் அதிகம் வாங்குற பிரைம் லென்ஸ் ஒண்ணு, தூரத்துல இருந்து எடுக்க 70-200 ஜூம் ஒண்ணு. ரெண்டாவது இருந்தா பீடத்துக்குப் பக்கத்துல போகவே தேவையில்லை. வாங்க முடியலைன்னா வாடகைக்குக் கிடைக்கும்.

* சைலன்ட் ஷட்டர்: மிரர்லெஸ் கேமராவுல இது வரம். ஆனா, சில எல்.இ.டி விளக்குகளுக்குக் கீழே படத்துல கோடுகோடா விழும். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்ங்கிறதால, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-ல் வெச்சா பெரும்பாலும் சரியாகும்.

* வெள்ளை உடை: கவுனோ வெள்ளைச் சேலையோ ஃப்ரேம் முழுக்க இருந்தா, கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டுங்க. இருட்டுக்கு நடுவுல சின்னதா தெரிஞ்சா நேர்மாறு. நெட்டோட வேலைப்பாடு வெளுத்துப் போகும், குறைங்க.

* பேக்கப்: ரெண்டு மெமரி கார்டுல ஒரே நேரத்துல பதிவாகுற கேமரா பாதுகாப்பு. வீட்டுக்கு வந்ததும் தூங்குறதுக்கு முன்னாடி ரெண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குல காப்பி. சம்மதம் சொல்ற விநாடி உலகத்துல ஒரே ஒரு தடவைதான் நடந்தது, மறந்துடாதீங்க.

வெரோணிக்கா சொல்லிக் கொடுக்குற பாடம்

போட்டோகிராஃபர்களுக்குப் பாதுகாவலியா ஒரு புனிதை இருக்காங்க. சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில வர்ற வெரோணிக்கா! சிலுவை சுமந்துட்டுப் போன இயேசுவோட முகத்தைத் துணியால துடைச்சாங்க, அந்தத் துணியிலேயே முகம் பதிஞ்சதுன்னு மரபு சொல்லுது. நற்செய்தி நூல்கள்ல இந்தச் சம்பவம் இல்லை. ஆனா, தவக்காலத்துல வெள்ளிக்கிழமைதோறும் நாம தியானிக்குற நிலை இது.

கவனிச்சீங்களா? அவங்க படம் பதிக்கப் போகலை. வலியில இருந்த ஒருத்தருக்கு உதவப் போனாங்க. உருவம் அதுக்குப் பிறகு கிடைச்சது. கல்யாண வீட்டுலயும் இதே வரிசைதான். பொண்ணு பதற்றத்துல சாப்பிடாம இருப்பா. நெட்டுல குத்தின பின் உறுத்தும். மேடையில நிக்க முடியாத தாத்தாவுக்கு ஒரு நாற்காலி தேவைப்படும். முதல்ல அதைக் கவனிச்சுட்டு அப்புறம் கேமராவைத் தூக்குங்க. முகம் தானா மலரும். மணப்பெண் அறையில தயக்கமில்லாம உள்ளே போக முடியுறது, பெண் போட்டோகிராஃபருக்குக் கிடைக்குற பெரிய நம்பிக்கை. அங்கே எதை எடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்குறது அந்த நம்பிக்கைக்கான மரியாதை.

"கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க..."

உங்க மனசாட்சிக்கு உண்மையான பரீட்சை எடிட்டிங் டேபிள்லதான் வரும். "பொண்ணு கொஞ்சம் மாநிறம், கலராக்கிக் கொடுத்துடுங்க"ன்னு வீட்டுக்காரங்க கேட்பாங்க. மனுஷங்க கடவுளோட சாயல்ல படைக்கப்பட்டவங்கன்னு நீங்க நம்புறவங்க. அப்படின்னா, அந்த நிறத்தை அழிக்குற ஸ்லைடரை எப்படி நகர்த்துவீங்க?

இதுக்கு கல்யாணம் முடிஞ்சு சண்டை போட வேண்டாம். புக்கிங் பேசும்போதே, "வெளிச்சத்தைச் சரி பண்ணுவேன், பருவை எடுப்பேன், தோல் நிறத்தை மாத்த மாட்டேன்"னு சொல்லிடுங்க. ஒப்பந்தத்துலயும் எழுதிடுங்க. ஒண்ணு, ரெண்டு ஆர்டர் போகலாம். ஆனா, பின்னாடி ஆல்பத்தைத் திறந்து பார்க்குற பொண்ணுக்கு அது தன்னோட முகமா இருக்கும்.

மத்த மதத்துக் கல்யாணம் எடுக்கலாமா?

சர்ச் கல்யாணம் மட்டும் எடுத்தா தவக்காலத்துல வேலை அப்படியே படுத்துடும். அந்த நாள்கள்ல பொதுவா கல்யாணம் வைக்க மாட்டாங்க. மத்த கல்யாணங்களை எடுக்க நம்பிக்கை தடையா? 1965 அக்டோபர் 28-ல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, மத்த மதங்கள்ல இருக்குற உண்மையானதும் தூய்மையானதுமான எதையும் திருச்சபை ஒதுக்குறதில்லைன்னு சொல்லுது. அப்புறம் என்ன? முகூர்த்தம் எத்தனை மணி வரைக்கும், நிக்காஹ்ல சம்மதம் கேட்குறது எப்போன்னு முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. சம்மதம் சொல்ற நொடியோட எடை தெரிஞ்ச உங்களுக்கு, கெட்டிமேளம் கொட்டுற நொடியோட எடையும் புரியும்.

உங்க ஞாயித்துக்கிழமை?

திரும்ப பாட்டி கேள்விக்கு வருவோம். மத்தவங்க திருப்பலியைப் படம் பிடிச்சுட்டே இருந்தா, நாம எப்போ ஜெபிக்குறது? வ்யூஃபைண்டர்ல கண்ணை வெச்சுட்டே நிக்குறதும் பூசை காண்குறதும் ஒண்ணு இல்லை. ஞாயிறு வேலை இருந்தா, சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போங்க. ஞாயிறு கடமைக்கு அது செல்லும்னு திருச்சபைச் சட்டமே சொல்லுது. டீம்ல ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தர் நற்கருணை வாங்கப் போகும்போது இன்னொருத்தர் கவனிச்சுக்கலாம்.

ராத்திரிப் பயணத்துக்கும் பதில் வேணும். முன்பணம், வேலை முடியுற நேரம், சாப்பாடு, வெளியூர்னா தங்குற இடம், திரும்பி வர்ற வண்டி எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க. 'ஊழியம் மாதிரிதானே, காசு எதுக்கு?'ன்னு சிலர் சிரிச்சுக்கிட்டே கேட்பாங்க. உழைப்புக்கு நியாயமான கூலி கேட்குறது நம்பிக்கைக்கு எதிரானது இல்லை. வசதியில்லாத ஒரு குடும்பத்துக்கு இலவசமா எடுத்துக் கொடுக்கணும்னு தோணினா தாராளமா செய்யுங்க. ஆனா, அது உங்க முடிவா இருக்கணும்.

இந்தத் தொழில்ல முதல் அடி எடுத்து வைக்கணுமா? வர்ற ஞாயித்துக்கிழமை கேமரா இல்லாம உங்க பங்குக் கோயிலுக்குப் போங்க. பூசை முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் கூடுதலா உட்காருங்க. எந்த ஜன்னல்ல இருந்து வெளிச்சம் வருது, பீடத்துக்கு முன்னாடி நிக்குறவங்க முகத்துல எப்படி விழுதுன்னு பாருங்க. அப்படியே, எங்கே நின்னா யாருக்கும் மறைக்காதுன்னும் பார்த்து வெச்சுக்கோங்க!