அணில் குஞ்சு கீழே விழுந்தால்

1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய நம்ம உறவுகளின் வளவுகளில், காற்றுக் காலத்தில் தென்னையிலிருந்து அணில் குஞ்சு விழுவதுண்டு. பிள்ளைகள் உடனே பால் பருக்கப் பார்ப்பார்கள். அது கூடாது, குளிர்ந்த உடம்பில் பால் செமிக்காது.

முதலில் சூடு வேண்டும். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி, குஞ்சோடு பெட்டியில் வையுங்கள். பிறகு பகலில் அதே மரத்தடியில் பெட்டியை வைத்து, பூனை, நாய் அண்டாமல் தள்ளி நின்று பாருங்கள். மனுசர் கை பட்டாலும் தாய் பெரும்பாலும் கவ்விக்கொண்டு போகும்.

பொழுதுபட்டும் தாய் வராவிட்டால், இளஞ்சூடான ஜீவனிக் கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். மல்லாத்திப் போட்டுக் கொடுக்காதீங்க, புரையேறிவிடும். பசுப்பால் வயிற்றோட்டம் தரும்; எந்தப் பால் என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992.

தோட்டத்திலும் இதே முறைதான். வளர்ப்பது கூட்டில் அடைக்க அல்ல, மரத்துக்குத் திருப்பி விட.