லெஃப்ட் கார்னரில் நிற்கும் பையன்

உங்கள் பையன் கல்லூரி அணியில் லெஃப்ட் கார்னர், இடது மூலைத் தடுப்பாளர். ஒரு ஆட்டத்தில் ஆறு பிடி, ஏழு பிடி போடுகிறான். "இவன் புரோ கபடிக்குப் போயிடுவான்" என்று அரியாங்குப்பமே சொல்கிறது. போவானா என்று கேட்கிறீர்கள். இந்த டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, இன்னொன்று சொல்லிவிடுங்கள்.

முதலில் அந்த ஆறு, ஏழு கணக்கை ஓரமாக வையுங்கள். பிடிக்கப் போய்க் கோட்டை விட்டது எத்தனை? அதை யாரும் கேட்பதில்லை. கபடியில் தப்பான பிடிக்கு அந்த இடத்திலேயே விலை கொடுத்தாக வேண்டும். தொடுபட்ட ஒவ்வொருவருக்கும் பாடி வந்த ரைடருக்கு ஒரு புள்ளி, தொடுபட்டவர் வெளியே. எதிரணியில் ஒருவரைத் தன் அணி அவுட்டாக்கினால்தான் திரும்பி வர முடியும். அதுவரை அந்த மூலைக்குப் பழக்கமில்லாத ஒருவர் நகர வேண்டும். மொத்தத் தடுப்பும் கலைந்துபோகும். பன்னிரண்டு முறை பாய்ந்து ஏழு பிடித்த பையனைவிட, ஐந்தே முறை பாய்ந்து நான்கு பிடித்த பையனைத்தான் நான் எடுப்பேன்.

ஏன் என்று புரிய, கார்னர் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஆடுகளத்தின் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். ஒரு அணியின் பக்கம் 6.5 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு, அங்கிருந்து ஒரு மீட்டரில் போனஸ் கோடு. அதற்குப் பின்னால் கடைக்கோடு வரை மிஞ்சுவது 1.75 மீட்டர். கார்னருடைய பிழைப்பெல்லாம் அங்கேதான். களத்தில் ஆறு பேரோ ஏழு பேரோ இருக்கும்போது ரைடர் போனஸுக்குக் கால் நீட்டுவார். ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்ற, மற்றக் கால் தரையில் படாமல் இருக்க வேண்டும். அந்தக் கணத்தில் அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். கணுக்காலைப் பிடிக்க அதைவிட நல்ல நேரம் வராது. கொஞ்சம் முந்தினால் கையைத் தட்டிவிட்டுப் போவார். கொஞ்சம் பிந்தினால் புள்ளியோடு போவார். வலக்கைப் பழக்கமுள்ள ரைடர்கள் அதிகம் என்பதால் லெஃப்ட் கார்னர் பக்கம்தான் போக்குவரத்து அதிகம். உங்கள் பையனுக்கு வேலை அதிகம், ஆசையும் அதிகம்.

அந்த ஆசையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு ரைடுக்கு 30 விநாடி. இரண்டு ரைடு வெறுமனே போனால் மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரைடர் அவுட். விவரமான கார்னர் முதல் இரண்டு ரைடில் சும்மா காலை மாற்றி மாற்றி நின்று நேரத்தைக் கரைப்பார். மூன்றாவதில் ரைடரே தேடி வந்தாக வேண்டுமே! கல்லூரிப் பையன்களுக்கு இந்தப் பொறுமை வராது. பார்வையாளர் கத்தினால் பாய்ந்துவிடுவார்கள். அதனால் வீடியோவில் அவன் பிடித்த பிடிகளை விட்டுவிட்டு, பிடிக்காமல் நின்ற ரைடுகளைப் போட்டுப் பாருங்கள். ரைடரின் இடுப்பு திரும்பும் முன்பே இவன் தோள் அசைகிறதா? அசைந்தால் புரோ கபடியில் முதல் வாரத்திலேயே இவனைப் படித்துவிடுவார்கள்.

பொறுமைக்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன், 1975-ல் பிறந்தவர், கார்னர். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் புரோ கபடி நான்காவது சீசன் பட்டம் வென்றபோது கேப்டன் அவர்தான், வயது 41. அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அந்த வயதில் இருபது வயது ரைடரோடு ஓட்டத்தில் போட்டி போட முடியாது. ஆள் எப்போது ஒற்றைக் காலுக்கு வருவான் என்று தெரிந்தால் போதும்.

இதற்கு நேர் எதிர் ஈரான்காரர் முகமதுரேசா ஷாட்லூயி. அவரும் லெஃப்ட் கார்னர். காத்திருக்க மாட்டார், ரைடர் மேல் போய் விழுவார். 2023 ஏலத்தில் புனேரி பல்டன் அவருக்கு 2.35 கோடி ரூபாய் கொடுத்தது. அந்தச் சீசனிலேயே பட்டமும் வென்றது. அந்த உடம்பும் அந்தப் பிடியும் இருந்தால் அப்படி ஆடலாம். அவரைப் பார்த்துப் பார்த்தே நம் பையன்கள் பலர் கெட்டுப்போகிறார்கள் என்பது என் கட்சி. அதே அணியில் ரைட் கவரில் ஆடிய நம் தமிழ்நாட்டு அபினேஷ் நடராஜனைப் பார்த்தால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கார்னர் காலைப் பிடித்ததும் அவருக்கு உள்பக்கம் நிற்கும் கவர் எத்தனை வேகத்தில் வந்து மூடுகிறார் என்பதில்தான் பாதிப் பிடிகள் நிற்கின்றன. உங்கள் பையனின் ஏழு பிடியில் எத்தனை அவனுடைய கவர் காப்பாற்றிக் கொடுத்தது என்று பார்த்தீர்களா?

அமெரிக்கர்கள் இதே தலைவலியை டிஃபென்சிவ் எண்ட் விஷயத்தில் படுகிறார்கள். அவர்கள் கால்பந்தில் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர் அவர். எதிரணிக் குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் வீழ்த்த வேண்டும், அதற்கு சாக் என்று பெயர். கல்லூரிப் பையன்களைத் தொழில்முறை அணிகள் இண்டியானாபோலிஸுக்கு வரவழைத்து 40 கெஜ ஓட்டம், கையின் நீளம் எல்லாம் அளக்கிறார்கள். அப்படி அளந்து அசந்துபோய் 2014 வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுத்த ஜடேவியன் கிளவுனி, ஒரு சீசனில் 9.5 சாக்கைத் தாண்டியதில்லை. 2019-ல் ஈஸ்டர்ன் மிச்சிகன் என்ற சின்னப் பல்கலைக்கழகத்திலிருந்து 106-வது ஆளாகப் போன மேக்ஸ் கிராஸ்பி 2023-ல் மட்டும் 14.5 சாக் எடுத்தார். அளவு நாடாவுக்குச் சிக்காத ஏதோ ஒன்று அங்கேயும் இருக்கிறது.

அதற்காக உடம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. புரோ கபடியில் எடை வரம்பு 85 கிலோ; 68 கிலோவில் இருக்கும் கார்னரை வலுவான ரைடர் நடுக்கோடு வரை இழுத்துக்கொண்டே போய்விடுவார். மண்ணில் ஆடிய பையன் மேட் விரித்த களத்தில் ஷூ போட்டு எப்படித் திரும்புகிறான் என்றும் பார்க்க வேண்டும். அப்புறம், யாருக்கு எதிராக அந்த ஏழு பிடி? பக்கத்துக் கல்லூரியின் மூன்றாவது ரைடருக்கு எதிராக என்றால் அந்தக் கணக்கே வேறு.

வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. இளம் வீரர்களை அணிகள் ஏலத்துக்கு வெளியே 'நியூ யங் பிளேயர்' என்ற பிரிவில் நேரடியாகச் சேர்த்துக்கொள்கின்றன. 2022-ல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியின் இறுதிக்கு வந்த இரு அணிகளின் 24 வீரர்களும் ஏலப் பட்டியலில் இடம்பெற்றார்கள். 2023 ஏலத்தில் ஆகக் கீழ்ப் பிரிவின் ஆரம்ப விலையே 9 லட்சம் ரூபாய். ஆனால் கபடிக்காகப் படிப்பை விடுகிறேன் என்று பையன் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கல்லூரியில் இருந்தால்தான் பல்கலைக்கழக அணி, பல்கலைக்கழக அணியில் இருந்தால்தான் அந்தக் கேலோ இந்தியா மேடை. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு நோட்டோடு போங்கள். பிடித்ததை ஒரு பக்கம், தவறவிட்டதை மறு பக்கம் எழுதுங்கள். பத்து ஆட்டத்துக்குப் பிறகும் தவறவிட்ட பக்கம் நீளமாக இருந்தால், அவன் இன்னும் தயாராகவில்லை.