திரும்பும் வரியும் பழைய பாக்கியும்

நாமக்கல்லில் லாரி வாடகை கொடுப்போர், அதில் ஒரு பகுதியை வருமான வரியாகப் பிடித்து அரசாங்கத்துக்குச் செலுத்துவதுண்டு. பிடித்தது மிகுதியானால் அரசாங்கம் திருப்பித் தரவேண்டும்.

அவ்வாறு ரூ. 8,000 பெறவேண்டிய ஒருவருக்கு, முந்தைய ஆண்டின் வரிப் பாக்கி ரூ. 5,000 இருப்பதாகக் கொள்வோம். பாக்கியைக் கழித்துக்கொண்டு ரூ. 3,000 மட்டும் கொடுக்க, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 245-ஆம் பிரிவு அதிகாரம் அளித்தது. இது நியாயமே என்பேன். ஆனால் கழிக்குமுன் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும் என்றும் அப்பிரிவு விதித்தது. ஏன்? அந்தப் பாக்கியே ஏட்டில் நேர்ந்த பிழையாக இருக்கலாமன்றோ? வரி செலுத்துவோரின் மறுமொழியைக் கேட்டே முடிவு செய்யவேண்டும் என்று டில்லி உயர்நீதிமன்றமும் 2013-இல் வலியுறுத்தியது.

அத்தகைய அறிவிப்பு உங்கள் இல்லத்துக்கு வந்தால், பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பழைய ரசீதுகளோடு ஒப்பிட்டு, உரிய காலத்துக்குள் பதில் அனுப்பச் செய்யுங்கள். இங்கே மௌனம் சம்மதமாகிவிடும்.