வானொலி ஊமையானால் முதலில் மின்சாரத்தைத் தேடுங்கள்

கணினியில் போர் விமானப் பாவனை விளையாட்டு ஆடும் மாணவர்களிடம் ஒரு பொதுவான புலம்பல் உண்டு. விமானி இருக்கையில் அமர்ந்தாயிற்று, கட்டுப்பாட்டுக் கோபுரத்தை அழைத்தாயிற்று, பதிலே இல்லை! சிலர் உடனே விளையாட்டை அழித்துவிட்டு மீண்டும் பதிவிறக்கம் செய்வார்கள். அதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். பல சமயங்களில் சிக்கல் மென்பொருளில் இல்லை. படிவம் இரண்டில் படித்த மின்சுற்றில்தான் இருக்கிறது.

நம் நாட்டு அரச ஆகாயப் படையிடம் 1997 முதல் இருப்பது இரட்டை இருக்கை எஃப்/ஏ-18டி ஹார்னெட். அதன் ஒற்றை இருக்கை உடன்பிறப்பான எஃப்/ஏ-18சி, டிசிஎஸ் வேர்ல்டு என்ற பாவனை விளையாட்டில் உண்டு. இயந்திரம் ஓடாத நிலையில் அதற்கு உயிர் கொடுப்பது பேட்டரி. இயந்திரம் போதிய வேகம் பிடித்த பிறகுதான் அதனோடு இணைந்த ஜெனரேட்டர் மின்சாரம் தரத் தொடங்கும். அப்போதுதான் திரைகள் ஒளிரும். இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டிவிட்டு வானொலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

வீட்டில் மின்விசிறி நின்றுபோனால் என்ன செய்கிறோம்? விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறோம். எரிந்தால் கோளாறு விசிறியில். கூடம் முழுவதும் இருண்டிருந்தால் மின்பெட்டியில் எந்த சுவிட்ச் விழுந்திருக்கிறது என்று பார்க்கிறோம். தெருவே இருட்டாக இருந்தால் வீட்டுக்குள் தேட வேண்டியதே இல்லை. விமானத்திலும் அப்படித்தான். கருவிகள் எல்லாம் ஒரே கம்பியில் தொங்குவதில்லை. பஸ்பார் எனப்படும் பல பொது மின்தடங்களில் பக்க இணைப்பில் பிரிக்கப்பட்டிருக்கும். மிக அவசியமானவை பேட்டரியிலும் இயங்கும் தடத்தில் இருக்கும். ஆகவே, வானொலியோடு சேர்ந்து வேறு எவை அணைந்திருக்கின்றன என்று பாருங்கள். எல்லாமே அணைந்திருந்தால் பேட்டரி. சில கருவிகள் எரிந்து திரைகள் மட்டும் இருண்டிருந்தால் ஜெனரேட்டர். வானொலி மட்டும் என்றால் வானொலியின் சொந்த சுவிட்ச்.

இன்னொரு விஷயம் படிவம் ஐந்து மாணவர்களுக்குப் பிடிக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலான பெரிய விமானங்களிலோ 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். கூடவே 28 வோல்ட் நேர்மின்னோட்டமும் உண்டு. ஏன் 400? காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு அதிக மின்னழுத்தம் தூண்டப்படும். எனவே அதிர்வெண் எட்டு மடங்கானால், அதே மின்னழுத்தத்தைப் பெற மின்மாற்றிக்குள் குறைவான இரும்பு போதும். ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் செலவாகும் வானத்தில் இது பெரிய லாபம்.

சரி, மின்சாரம் வருகிறது, ஆனாலும் பதில் இல்லை என்றால்? ஸ்குவெல்ச் எனப்படும் இரைச்சல் தடுப்பியை அணைத்துப் பாருங்கள். 'ஷ்ஷ்' என்ற இரைச்சல் கேட்டால் வானொலி உயிரோடு இருக்கிறது. அடுத்து அதிர்வெண்ணையும், ஏஎம்மா எஃப்எம்மா என்பதையும் சரிபாருங்கள். விமானப் பேச்சு பெரும்பாலும் ஏஎம். கடைசியாக, ஹார்னெட்டில் இரண்டு வானொலிகள், இரண்டு பேசும் பொத்தான்கள். தவறான பொத்தானை அழுத்திக்கொண்டு கத்துபவர்கள்தான் அதிகம்!

இந்த வழிமுறை விளையாட்டோடு முடிவதில்லை. 'எது அணைந்தது, எது எப்போது மீண்டும் எரிந்தது' என்ற இதே கேள்வியை எம்எச்370 விமானத்தைத் தேடியவர்களும் கேட்டார்கள்.

2014 மார்ச் 8 அதிகாலை, 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட அந்த போயிங் 777, ரேடார் திரையிலிருந்து 1.21க்கு மறைந்தது. விமானம் தானாக அனுப்பும் தரவு அறிக்கை கடைசியாக வந்தது 1.07க்கு. அடுத்தது 1.37க்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. தரைநிலையம் 2.03க்கு அனுப்பிய செய்திக்கும் பதில் இல்லை. ஆனால் 2.25க்கு விமானத்தின் செயற்கைக்கோள் கருவி, அப்போதுதான் இயக்கப்பட்டது போல, இன்மார்சாட் இணைப்பில் புதிதாகப் பதிந்துகொண்டது. மின்சாரம் போய்த் திரும்பினால் நம் வீட்டு இணைய மோடம் என்ன செய்யுமோ அதேதான். மின்சாரம் துண்டிக்கப்பட்டு மீண்டும் வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்ற விளக்கம்.

அதன் பிறகு தரைநிலையம் 'இருக்கிறாயா?' என்று அவ்வப்போது கேட்க, கருவி 'இருக்கிறேன்' என்றது. காலை 8.11 வரை இப்படி. பிறகு 8.19க்கு, யாரும் கேட்காமலே கருவி மீண்டும் பதியக் கோரியது. மறுபடியும் மின்தடை! இம்முறை காரணத்தை ஊகிப்பது எளிது. எரிபொருள் தீர்ந்து இரு இயந்திரங்களும் நின்றால், அவற்றின் ஜெனரேட்டர்களும் நிற்கும். உடனே வால்பகுதியில் உள்ள துணை மின்னாக்கி இயந்திரம், குழாய்களில் எஞ்சிய எரிபொருளைக் கொண்டு தானே இயங்கத் தொடங்கும். மின்சாரம் வரச் சுமார் ஒரு நிமிடம். செயற்கைக்கோள் கருவி விழித்துப் பதிய மேலும் இரண்டரை நிமிடத்துக்கும் சற்று அதிகம். இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுத்தான், 8.19க்குச் சில நிமிடங்கள் முன்பே இயந்திரங்கள் நின்றிருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கே தேடுவது என்பதைத் தீர்மானித்ததில் அந்தப் பதிவுக் கோரிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. 2017 ஜனவரி வரை ஏறத்தாழ 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துழாவினார்கள், விமானம் கிடைக்கவில்லை. ஆனால் 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் அதன் இறக்கைப் பகுதி ஒன்று கரை ஒதுங்கியது. 2.25க்கு முன் அந்தக் கருவிக்கு மின்சாரம் ஏன் போனது என்பதற்கு, 2018 ஜூலையில் வெளியான மலேசிய விசாரணை அறிக்கையிலும் விடை இல்லை.